‘வேண்டும்’ வேறு, ‘பிடிக்கும்’ வேறு: மூளைத் தூண்டலும் விலங்குகளின் வெகுமதித் தேடலும்

கண்டியில் வாழும் எமக்குக் குரங்குகள் புதியவை அல்ல. உடவத்தகெலே வனத்தின் ஓரத்திலும் பேராதனைப் பூங்காவிலும் அவற்றைக் காண்கிறோம். வீதியால் போகும் ஒருவரின் கையிலுள்ள பொலித்தீன் பை சற்றுச் சரசரத்தால் போதும், கிளையில் பேன் பார்த்துக்கொண்டிருந்த குரங்கு சட்டெனத் திரும்பும். பையினுள் இருப்பது வாழைப்பழமா, பாடப் புத்தகமா என்பது அதற்குத் தெரியாது. ஆயினும் அது இறங்கி வருகிறது. அந்தச் சத்தத்தையும் பழத்தையும் அதன் மூளை முன்பே முடிச்சுப் போட்டு வைத்துவிட்டது.

உணவு, நீர், துணை போன்று ஓர் உயிரைத் திரும்பத் திரும்பத் தன்பால் இழுப்பவற்றை விஞ்ஞானிகள் ‘வெகுமதி’ என்கின்றனர். அதை நாடிச் செல்லும் நடத்தையே வெகுமதித் தேடல். இத்தேடலை மூளையின் எப்பகுதி நடத்துகிறது? அப்பகுதியை வெளியிலிருந்து தூண்டினால் விலங்கு என்ன செய்யும்? எழுபது ஆண்டுகளாக இக்கேள்விகளுக்கு விடை தேடப்பட்டு வருகிறது. கிடைத்த விடைகளுள் ஒன்று முதலில் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பின்னர் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் உயிரியல் பாடத்துக்கு மட்டும் உரியதன்று. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், அப்பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் உம்மா வாப்பாவுக்கும் அதில் பாடம் உண்டு.

மூலைக்குத் திரும்பிவந்த எலி

நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழி மின்கணத்தாக்கமும் இரசாயனமும் ஆகும். ஆகவே மெல்லிய கம்பியொன்றின் நுனியை மூளையின் குறித்த இடத்தில் வைத்து மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், அங்குள்ள நரம்புக் கலங்கள் இயல்பான செய்தி வந்ததுபோலவே தூண்டப்படும். இக்கம்பியை மின்வாய் என்கிறோம். மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை மூலம் அதைப் பொருத்துவார்கள். மூளைத் திசுவில் வலியை உணரும் வாங்கிகள் இல்லாதபடியால், மின்வாய் உள்ளே இருப்பது பின்னர் விலங்கிற்கு வலியாக உணரப்படுவதில்லை.

1950களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளையைத் தூண்டி ஆராய்ந்துகொண்டிருந்தனர். விழிப்பு நிலையோடு தொடர்புடைய ஒரு பகுதியை அடைவதே அவர்களது நோக்கம். ஓர் எலியில் மின்வாய் இலக்குத் தவறி வேறொரு பகுதியில் போய் நின்றது. அந்த எலியை ஒரு மேசைமீது உலாவ விட்டு, அது குறித்த மூலைக்குச் செல்லும்போது மட்டும் மின்தூண்டல் கொடுத்தார்கள். எலி பயந்து விலகவில்லை. அதே மூலைக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

பின்னர் எலியே தன்னைத் தூண்டிக்கொள்ளும்படி கூட்டினுள் ஒரு நெம்பை வைத்தனர். நெம்பை அழுத்தினால் மூளைக்கு ஒரு கணம் மின்னோட்டம் செல்லும். 1954ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு உலகையே வியக்க வைத்தது. மின்வாய் சில இடங்களில் இருந்தபோது எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெம்பை அழுத்தின. பரிவகக்கீழ்ப் பகுதியில் இருந்தபோது அது ஆயிரக்கணக்காகியது. ஓல்ட்ஸ் பின்னர் செய்த பரிசோதனைகளில் மணிக்கு 2000 தடவைக்கு மேல் என்ற வீதத்தில் ஒரு முழு நாளையும் தாண்டி அழுத்திய எலியும் இருந்தது. களைத்து விழுந்து உறங்கி, எழுந்ததும் அது மீண்டும் நெம்பிடம் போனது. காலில் மின்னதிர்ச்சி தரும் கம்பித் தரையைக் கடந்துகூட எலிகள் நெம்பை நோக்கிச் சென்றன.

1965இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கடுமையானது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே உணவு கிடைக்கும். அதே ஒரு மணி நேரத்தில் மூளைத் தூண்டலும் கிடைக்கும். உணவுக்கு ஒரு நெம்பு, தூண்டலுக்கு ஒரு நெம்பு. சில எலிகள் பசியோடிருந்தும் உணவு நெம்பை விட்டுவிட்டுத் தூண்டல் நெம்பையே அழுத்தி, உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு மெலிந்தன. ‘எலிகள் எப்போதும் உணவைவிட மின்சாரத்தையே தேர்ந்தெடுக்கும்’ என்று இதைச் சிலர் மிகைப்படுத்திச் சொல்வதுண்டு. அது சரியன்று. நேரம் மிகக் குறுக்கப்பட்டு, இரண்டும் ஒன்றோடொன்று மோத விடப்பட்டபோதே இந்நிலை தோன்றியது. நேரம் தாராளமாக இருந்தால் எலிகள் உண்ணவும் செய்கின்றன. நேரம் சுருங்கும்போது, எது முன்னே வந்து நிற்கிறதோ அது மற்றதை விழுங்கிவிடுகிறது. பரீட்சைக் காலத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

பயத்தையும் வென்ற தூண்டல்

2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் தல்வார், ஜோன் சேப்பின் ஆகியோரின் குழு இதே முறையை வேறொரு வகையில் பயன்படுத்தியது. எலியின் இடப்பக்க, வலப்பக்க மீசை மயிர்களின் உணர்வைப் பெறும் மூளைப் பகுதிகளில் தலா ஒரு மின்வாய், வெகுமதிப் பாதையில் ஒரு மின்வாய். முதுகில் சிறு பொதி. கணினியிலிருந்து ‘இடது’ என்று தூண்டினால் இடப்பக்க மீசையில் ஏதோ பட்டதுபோல் எலிக்குத் தோன்றும். அது இடப்புறம் திரும்பினால் உடனே வெகுமதித் தூண்டல் கிடைக்கும்.

இவ்வாறு பயிற்றப்பட்ட எலிகளை ஏணியில் ஏறச் செய்தார்கள், ஒடுங்கிய விளிம்புகளில் நடக்கச் செய்தார்கள். எலிகள் இயல்பாக அஞ்சி ஒதுங்கும் வெளிச்சமான திறந்த வெளியிலும் அவற்றை நடத்திச் சென்றார்கள். எவரும் அவற்றைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒவ்வோர் அடியையும் எலி தானாகவே எடுத்து வைத்தது. ஆயினும் எங்கே போவது என்பதைத் தீர்மானித்தவர் கணினியின் முன் அமர்ந்திருந்தவர். வெகுமதியைக் கையில் வைத்திருப்பவர் வழியையும் கையில் வைத்திருக்கிறார் என்பதை இப்பரிசோதனை காட்டியது.

‘இன்ப மையம்’ என்ற பெயர் சரியா?

எலி இத்தனை ஆவலோடு நெம்பை அழுத்துவதைக் கண்டவர்கள், அப்பகுதியை மூளையின் ‘இன்ப மையம்’ என்று அழைத்தனர். அங்கு முக்கிய பங்கு வகிக்கும் டோபமைன் என்ற இரசாயனம் ‘இன்ப இரசாயனம்’ எனப் பெயர் பெற்றது. இன்றும் பல காணொளிகளில் அவ்வாறே சொல்லப்படுகிறது. எலி திரும்பத் திரும்பச் செய்கிறது, ஆகவே எலி இன்பம் அடைகிறது என்பது அவர்களது தர்க்கம். கேட்பதற்குச் சரிபோலத் தோன்றும் இத்தர்க்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது.

ஓர் எலிக்கு இன்பமா இல்லையா என்பதை எப்படி அறிவது? எலியிடம் கேட்க முடியாது. ஆனால் அதன் முகத்தைப் பார்க்கலாம். வாயில் சீனிக் கரைசல் பட்டால் எலி உதட்டை நக்கும். கசப்புப் பட்டால் வாயை அகலத் திறந்து, தலையை உதறும். கைக்குழந்தையின் வாயில் இனிப்பும் கசப்பும் படும்போது தோன்றும் முகபாவங்களும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் இம்முகபாவங்களை அளவுகோலாகக் கொண்டார்.

1989இல் அவரும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் டோபமைன் பாதை பெரும்பாலும் அழிக்கப்பட்டிருந்தது. அவ்வெலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. பக்கத்தில் உணவு இருந்தும் உண்ணவில்லை. டோபமைன் இன்ப இரசாயனம் என்றால் சீனி இனி அவற்றுக்கு இனிக்கக் கூடாது. ஆனால் வாயில் சீனிக் கரைசலை இட்டபோது, அவை வழமைபோல உதட்டை நக்கின. இனிப்புப் பிடித்திருந்தது. அதைத் தேடிப் போகும் வேட்கைதான் இல்லாமற் போயிருந்தது.

1991இல் பெரிட்ஜும் எலியட் வலன்ஸ்டைனும் இதன் மறுபக்கத்தைப் பரிசோதித்தனர். பரிவகக்கீழைப் பக்கவாட்டில் மின்னால் தூண்டினால், வயிறு நிறைந்த எலிகூட உண்ணத் தொடங்கும் என்பது முன்பே அறியப்பட்டிருந்தது. தூண்டும்போது உணவு கூடுதலாக ருசிப்பதால்தான் உண்கிறதா? முகத்தைப் பார்த்தார்கள். எலி அதிகமாக உண்டது, ஆனால் உதட்டை நக்கும் இன்ப முகபாவம் அதிகரிக்கவில்லை. வெறுப்பின் சாயலே சில வேளை தெரிந்தது. பிடிக்காமலேயே வேண்டும் வேண்டும் என்று உண்ணும் எலியை அவர்கள் கண்டார்கள்.

தமிழில் இதைச் சொல்ல நமக்கு இரண்டு எளிய சொற்கள் உண்டு. ‘எனக்கு அது பிடிக்கும்’ என்பது ஒன்று. ‘எனக்கு அது வேண்டும்’ என்பது மற்றொன்று. சாதாரணமாக இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றென்றே நினைக்கிறோம். மூளையில் அவை வெவ்வேறு ஒழுங்குகளால் நடத்தப்படுகின்றன. டோபமைனின் முதன்மைப் பணி ‘வேண்டும்’ என்பதைத் தூண்டுவதாகும். அவ்வேட்கை இன்பத்தோடு சேர்ந்தும் வளரும், இன்பம் தேய்ந்துபோன பின்னும் வளரும்.

மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. பார்க்கின்சன் நோயில் டோபமைனைச் சுரக்கும் கலங்கள் படிப்படியாக அழிகின்றன. அதன் வேலையைச் செய்யும் மருந்துகளை உட்கொள்ளும் நோயாளிகளுள் சிலர், முன்பு இல்லாத சூதாட்டப் பழக்கத்துக்கோ அளவற்ற பொருள் வாங்கும் பழக்கத்துக்கோ ஆளாவதை வைத்தியர்கள் அவதானித்துள்ளனர். மருந்தின் அளவை மாற்றும்போது பலரில் அவ்வேட்கை தணிகிறது. ஒழுக்கமான ஒருவரின் மனவுறுதியைக்கூட ஓர் இரசாயனத்தின் ஏற்றத்தாழ்வு அசைத்துவிடலாம் என்பதை இது உணர்த்துகிறது. பழக்கத்துக்கு அடிமையானவரை ஏளனம் செய்வதற்கு முன் நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இது.

சமிக்ஞையின் வலிமை

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமைன் கலங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அக்கலங்கள் வேகமாகக் கணத்தாக்கங்களை எழுப்பின. பின்னர் ஒவ்வொரு தடவையும் சாற்றுக்கு முன்பாக ஒரு விளக்கை எரியவிட்டார். சில நாட்களில் குரங்கு கற்றுக்கொண்டது. அதன் பின் கலங்கள் சாறு வரும்போது எழவில்லை, விளக்கு எரிந்தபோதே எழுந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமற் போனால், அது வரவேண்டிய அதே கணத்தில் கலங்களின் செயற்பாடு வழமையைவிடக் கீழே விழுந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே டோபமைன் கணக்கிடுகிறது என்ற விளக்கம் 1997இல் முன்வைக்கப்பட்டது. ஷுல்ட்ஸ் உட்பட மூவருக்கு 2017இல் மூளை ஆய்வுக்கான உயர்ந்த பரிசொன்று கிடைத்தது.

றமழான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையை நினைத்துப் பாருங்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் இன்னும் வாயில் படவில்லை. மஃரிப் அதான் ஒலித்தவுடனேயே மனம் துள்ளுகிறது. வெகுமதிக்கு முன்வரும் சமிக்ஞை, வெகுமதியின் வலிமையைத் தானே எடுத்துக்கொள்கிறது. பொலித்தீன் சத்தத்துக்குத் திரும்பும் குரங்கும் இதே விதிக்கு உட்பட்டது.

2003இல் அதே ஆய்வுக் குழுவினர் இன்னொன்றையும் கண்டனர். சமிக்ஞைக்குப் பின் சாறு நிச்சயம் வரும் என்றாலும், நிச்சயம் வராது என்றாலும், காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் கலங்கள் பெரிதாக எழுவதில்லை. வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதே அக்கலங்களின் எழுச்சி காத்திருப்பு முழுவதும் மிகுதியாக ஏறிச் சென்றது. கையடக்கத் தொலைபேசியின் ‘டிங்’ ஒலி இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறது. அது தோழியின் செய்தியாகவும் இருக்கலாம், விளம்பரமாகவும் இருக்கலாம். எதுவென்று தெரியாததே அதை எடுத்துப் பார்க்கத் தூண்டுகிறது. பார்த்து முடித்த பின் ‘இதில் என்ன கிடைத்தது?’ என்று கேட்டால் பெரும்பாலும் விடை இல்லை. ‘வேண்டும்’ இருந்தது, ‘பிடிக்கும்’ இருக்கவில்லை.

பெங்களூரில் கண்ட கிளைகள்

இனி நமக்கு அண்மையில் நடந்த ஆய்வுகளுக்கு வருவோம். பாக்கு நீரிணைக்கு அப்பால், பெங்களூரில் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவகம் உள்ளது. அங்கு நரம்பு உடற்றொழிலியல் துறையைச் சேர்ந்த சங்கரநாராயண ராவ், தேசிராஜு, ராஜு, மேத்தி முதலானோர் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். எலி வெகுமதியை அனுபவிக்கும்போது அதன் நடத்தை மாறுவதை அறிவோம். அதன் மூளையின் உருவமே மாறுகிறதா?

அவர்கள் எலிகளின் பரிவகக்கீழிலும் நடுமூளையிலுள்ள டோபமைன் பகுதியிலும் மின்வாய்களைப் பொருத்தினர். நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் பத்து நாட்கள், எலிகள் நெம்பை அழுத்தித் தம்மைத் தாமே தூண்டிக்கொண்டன. அதன்பின் மூளையின் மெல்லிய சீவல்களைக் கொல்கி சாயமேற்றல் முறையில் ஆராய்ந்தனர். 1873இல் கமில்லோ கொல்கி கண்டுபிடித்த இம்முறையில் வெள்ளி உப்பு ஒருசில நரம்புக் கலங்களை மட்டும் கறுப்பாக்கும். அதனால் ஒவ்வொரு கலமும் இலை உதிர்ந்த மரம்போலக் கிளை கிளையாகத் தெளிவாகத் தெரியும்.

1993இல் வெளியான முடிவு இதுதான்: தூண்டல் பெற்ற எலிகளில், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகம்பசிலும் உடலசைவுக்குப் பொறுப்பான மூளை மேற்பட்டைப் பகுதியிலும் உள்ள நரம்புக் கலங்கள் கூடுதலாகக் கிளைவிட்டிருந்தன. தொடர்ந்த ஆய்வுகளில் அக்கிளைகளிலுள்ள நுண்முட்களும் நரம்பிணைப்புகளும் அதிகரித்திருந்ததைக் கண்டனர். தூண்டல் நிறுத்தப்பட்ட உடனே இம்மாற்றங்கள் மறைந்துவிடவில்லை. தூண்டப்பட்ட இடம் ஒன்று, கிளைவிட்ட இடங்கள் அதற்கு அப்பால் உள்ளவை என்பதையும் கவனிக்க வேண்டும். வெகுமதியின் அனுபவம் மூளையின் ஒரு மூலையில் தங்கிவிடுவதில்லை. அது நினைவையும் செயலையும் தொடுகிறது.

2008இல் அதே நிறுவகத்தின் ஆய்வாளர்கள் மன அழுத்தத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். எலிகளை நாள்தோறும் சில மணி நேரம் அசைய முடியாதவாறு அடைத்து, அதைப் பல நாட்கள் தொடர்ந்தபோது ஹிப்போகம்பசின் கலங்களில் கிளைகள் சுருங்கின. எங்கே எது இருக்கிறது என்ற இட நினைவும் குன்றியது. பின்னர் அவ்வெலிகளுக்கு வெகுமதித் தூண்டலின் அனுபவம் கிடைத்தபோது, சுருங்கிய கிளைகள் மீண்டன, இட நினைவும் திரும்பியது.

எலியில் கண்டதை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்திவிட முடியாது. மூளையில் மின்வாய் வைத்துப் படிக்க வேண்டும் என்றும் எவரும் சொல்லவில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப நாம் பெறும் வெகுமதி மூளையில் தடம் பதிக்கிறது. அடைத்து வைத்து அழுத்தத்திலேயே வைத்திருந்தால் நினைவு சுருங்குகிறது, நல்ல வெகுமதி கிடைத்தால் அது மீள முடிகிறது. ‘படி, படி’ என்ற சொல்லை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும் இந்த இரண்டாவது செய்தியை ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும்.

கதவைத் திறக்கும் நெம்பு

நெம்பிலிருந்து விலங்கு மீளவே முடியாதா? 2018இல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் துர்ப்பாவனை ஆய்வு நிறுவகத்திலிருந்து வந்த ஆய்வொன்று நம்பிக்கை தருகிறது. போதைப்பொருளை நெம்பு அழுத்தித் தமக்குத் தாமே ஏற்றிக்கொள்ளப் பழகிய எலிகளுக்கு இரண்டாவது நெம்பொன்று கொடுக்கப்பட்டது. அதை அழுத்தினால் ஒரு சிறு கதவு திறக்கும். கதவுக்கு அப்பால் இன்னோர் எலி இருக்கும். அவ்வளவுதான். எலிகள் போதைப்பொருளை விட்டுக் கதவையே தெரிவு செய்தன. பழக்கத்துக்கு அடிமையானவை என்று கணிக்கப்பட்ட எலிகளும் அவ்வாறே செய்தன. கதவு திறப்பதை அதிக நேரம் தாமதப்படுத்தியபோது மட்டும் சில எலிகள் போதைப்பொருள் பக்கம் திரும்பின.

பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு தேவையில்லை. பிள்ளையின் கையிலிருக்கும் தொலைபேசியைப் பறிப்பது ஒரு நெம்பை அகற்றுவது. அதன் இடத்தில் எதை வைக்கிறோம்? பிள்ளை பேச வரும்போது ‘பிறகு பார்ப்போம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அது தாமதமாகத் திறக்கும் கதவு.

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும்

இதுவரை கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கு உதவக்கூடிய சில கருத்துக்களைத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, சமிக்ஞையை அகற்றுங்கள். ஒலி கேட்ட பின் மனத்தோடு போராடுவதைவிட, ஒலி கேட்காமல் செய்வது இலகு. படிக்கும் நேரத்தில் தொலைபேசி மற்றோர் அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தாலும் மேசைமீது இருப்பது, எரியக் காத்திருக்கும் விளக்குத்தான்.

இரண்டாவது, நெம்பை அழுத்திய பின் உங்கள் முகத்தைப் பாருங்கள். பெரிட்ஜ் எலியின் முகத்தைப் பார்த்ததுபோல. அரை மணி நேரம் செலவிட்ட பின், ‘இது எனக்குப் பிடித்திருந்ததா, அல்லது வேண்டும் என்ற உந்தல் மட்டும்தானா?’ என்று ஒரு வார்த்தையில் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒரு பட்டியல் சேரும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அப்பட்டியலே சொல்லும்.

மூன்றாவது, கற்றலுக்கு அருகில் சிறு வெகுமதியை வையுங்கள். ‘ஒன்பது ஏ எடுத்தால் வாங்கித் தருவேன்’ என்ற வாக்குறுதி மாதக் கணக்கில் தூரத்தில் இருக்கிறது. ஓர் அலகை முடித்தவுடன் தாத்தாவோடு ஒரு தேநீர், உம்மாவுக்கு அதைச் சொல்லிக்காட்டும் ஐந்து நிமிடம் போன்ற சிறியவை உடனே கிடைக்கின்றன. செயலும் வெகுமதியும் நெருங்கி வரும்போதே மூளை இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

நான்காவது, பெற்றோரே, அடம்பிடித்தால் ஒரு நாள் கொடுத்து மறுநாள் மறுக்கும் வழக்கத்தைத் தவிருங்கள். ‘கிடைக்குமா, கிடைக்காதா’ என்ற நிச்சயமின்மை வேட்கையைக் கூட்டும் என்பதை ஷுல்ட்ஸின் குரங்குகளில் கண்டோம். குறைந்த நேரமாக இருந்தாலும் நிலையான நேரத்தை வகுத்துக் கொடுப்பது நல்லது.

இறுதியாக, இவ்வறிவு எதன் விலையில் வந்தது என்பதையும் மறவாதிருப்போம். இக்கட்டுரையில் வந்த எலிகளும் குரங்குகளும் தாமாக முன்வந்தவை அல்ல. அவற்றுள் பல ஆய்வின் முடிவில் உயிர் நீத்தவை. ஒரு விலங்கைப் பயன்படுத்துவது அவசியமா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, வலியைத் தணித்தார்களா என்ற கேள்விகளை ஒழுக்கவியல் குழுக்கள் இன்று முன்கூட்டியே கேட்கின்றன. நாளை பேராதனையில் மருத்துவமோ மிருக வைத்தியமோ கற்கச் செல்லும் மாணவிகள் நம்மிடையே இருக்கிறார்கள். நுணுக்குக்காட்டியின் முன் அமரும் நாளில் இக்கேள்விகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

எலிக்கு நெம்பை வைத்தவர் வேறொருவர். தன் கூட்டை மாற்றியமைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தன் மேசையில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் ஆற்றல் உங்களுக்கு இருக்கிறது. வேட்கை எழும் கணத்தில் அவ்வாற்றல் தளரலாம். ஆகவே வேட்கை எழுவதற்கு முன்பே மேசையை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்திப்பதற்கு

1. ‘எலி நெம்பைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறது, ஆகவே அது இன்பம் அடைகிறது.’ இக்கூற்றிலுள்ள தர்க்கக் குறை யாது? அதை வெளிப்படுத்திய இரு பரிசோதனைகளைச் சுருக்கமாக விளக்குக.

2. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது குரங்கின் டோபமைன் கலங்களில் ஏற்படும் மாற்றத்தை, உங்கள் வாழ்விலிருந்து ஓர் உதாரணத்தோடு ஒப்பிடுக.

3. பெங்களூர் ஆய்வில் தூண்டப்பட்ட பகுதிகள் எவை? மாற்றம் காணப்பட்ட பகுதிகள் எவை? இவ்விரண்டும் வேறுபடுவதிலிருந்து நீங்கள் அறிவது என்ன?

4. உங்கள் வீட்டில் ‘கதவைத் திறக்கும் நெம்பாக’ எது இருக்க முடியும்? பெற்றோருடன் கலந்துரையாடி ஒரு பந்தி எழுதுக.